விலங்குணவில் சக்தி மூலமாகப் பதப்படுத்திய சோளம்

க.பொ.த. (சாதாரண தர) விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் பாடத்திற்கான விளக்கக் கட்டுரை



முழுச் சோள மணிகளை உண்ட பசுவின் சாணத்தைக் கவனித்துப் பார்த்தால், சில மணிகள் உடையாமல் அப்படியே வெளிவந்திருப்பதைக் காணலாம். அம்மணிகளுக்குப் பண்ணையாளர் பணம் கொடுத்திருக்கின்றார். பசுவும் அவற்றை உண்டிருக்கின்றது. ஆனால் அவற்றிலிருந்த சக்தி பசுவுக்குக் கிடைக்கவில்லை, பாலாகவும் மாறவில்லை. பணத்தின் ஒரு பகுதி சாணத்துடன் சென்றுவிட்டது.

இவ்வவதானிப்பிலிருந்து நாம் கற்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. ஓர் உணவில் எவ்வளவு சக்தி அடங்கியுள்ளது என்பது ஒரு கேள்வி. அதில் எவ்வளவு விலங்குக்குக் கிடைக்கின்றது என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளியைக் குறைப்பதே சோளத்தைப் பதப்படுத்துவதன் நோக்கமாகும். இக்கட்டுரையை வாசிக்கும்போது இக்கருத்தை மனதில் வைத்திருங்கள்.

(கவனிக்க: இலங்கையில் நாம் சோளம் என அழைக்கும் பயிரே தமிழ்நாட்டில் மக்காச்சோளம் எனப்படுகின்றது. அங்கு சோளம் எனப்படுவது நம்மிடையே இறுங்கு என வழங்கப்படும் வேறொரு தானியமாகும்.)

1. சக்தி உணவு என்றால் என்ன?

விலங்கொன்று சுவாசிக்கவும், நடமாடவும், உடல் வெப்பநிலையைப் பேணவும், வளரவும், பால் அல்லது முட்டை உற்பத்தி செய்யவும் சக்தி தேவை. காபோவைதரேற்றும் கொழுப்பும் இச்சக்தியின் பிரதான மூலங்களாகும். புரதத்திலிருந்தும் சக்தி பெறமுடியும். எனினும் புரதம் விலை கூடியதாகையால், அதனைச் சக்திக்காகச் செலவிடுவது பண்ணையாளருக்கு நட்டமாகும்.

உலர் பொருளின் அடிப்படையில் 20% இலும் குறைந்த புரதத்தையும் 18% இலும் குறைந்த நாரையும் கொண்ட செறிவான உணவுகள் சக்தி உணவுகள் என வகைப்படுத்தப்படுகின்றன. சோளம், இறுங்கு, நொய் அரிசி, அரிசித் தவிடு, உலர்ந்த மரவள்ளி ஆகியன இவற்றுக்கு எடுத்துக்காட்டுகளாகும். சோயாப் புண்ணாக்கு, மீன் தூள் போன்றவை புரத உணவுகளாகும்.

உலகெங்கும் கோழித் தீனியிலும் பன்றித் தீனியிலும் மிகுதியாகப் பயன்படும் சக்தி உணவு சோளமாகும். கோழி வளர்ப்பில் மொத்த உற்பத்திச் செலவின் பெரும்பகுதி, பொதுவாக 60% – 70%, தீனிக்கே செலவாகின்றது. அத்தீனியின் பெரும்பகுதியாக அமைவது சோளம் என்பதால், சோளத்தின் விலையும் தரமும் முட்டையின் விலையைத் தீர்மானிக்கும் காரணிகளாகின்றன.

2. சோள மணியின் அமைப்பு

பதப்படுத்தல் ஏன் தேவை என்பதை விளங்கிக்கொள்ள முதலில் மணியின் அமைப்பை அறிதல் வேண்டும். சோள மணியொன்றில் நான்கு பகுதிகள் உள்ளன.

(அ) வித்தகவிழையம் – மணியின் நிறையில் ஏறத்தாழ 82% ஆகும். மாப்பொருள் இங்கேயே சேமிக்கப்பட்டுள்ளது. மாப்பொருள் மணிகளைப் புரதப் படலமொன்று சூழ்ந்து பிடித்திருக்கின்றது.

(ஆ) முளையம் – ஏறத்தாழ 11%. மணியிலுள்ள எண்ணெயின் பெரும்பகுதி இதில் உள்ளது.

(இ) வெளியுறை – ஏறத்தாழ 5% – 6%. நார்த்தன்மையானது. நீரும் நொதியங்களும் நுண்ணங்கிகளும் இலகுவில் உட்புக இது இடங்கொடாது.

(ஈ) காம்புநுனி – ஏறத்தாழ 1%. மணி கதிருடன் இணைந்திருந்த இடம்.

நெற்களஞ்சியத்தில் நெல் நிறைந்திருந்தாலும் கதவு பூட்டப்பட்டிருந்தால் அடுப்பெரியாது. அதுபோல, மாப்பொருள் நிறைந்த வித்தகவிழையத்தை வெளியுறை மூடியிருக்கின்றது. உள்ளேயும் புரதப் படலம் தடையாக உள்ளது. இத்தடைகளை உடைக்கும் வேலையை விலங்கின் பற்களோ, கோழியின் தசைமிக்க அரைப்பையோ, பண்ணையாளரின் இயந்திரமோ செய்தாக வேண்டும்.

3. சோளத்தின் போசணைப் பெறுமானம்

சாதாரணமாக உலர்த்திய மஞ்சள் சோளத்தின் அண்ணளவான அமைப்பு வருமாறு:

– மாப்பொருள்: 62% – 65%
– புரதம்: 8% – 9%
– கொழுப்பு: 3.5% – 4%
– நார்: 2% – 2.5%
– கல்சியம்: 0.02%
– பொசுபரசு: 0.28%
– கோழிகளுக்குக் கிடைக்கும் அனுசேபச் சக்தி: கிலோகிராமுக்கு ஏறத்தாழ 3350 கிலோகலோரி

இவ்விபரங்களிலிருந்து சோளத்தின் சிறப்புகளை எடுத்துக் கூறலாம். மாப்பொருள் அதிகம், நார் குறைவு, எண்ணெயும் ஓரளவு உண்டு. ஆகவே தானியங்களுள் சக்தி கூடியதாக இது விளங்குகின்றது. விலங்குகள் விரும்பி உண்ணும் சுவையும் இதற்கு உண்டு. மேலும் மஞ்சள் சோளத்திலுள்ள சாந்தோபில் நிறப்பொருள்கள் முட்டையின் மஞ்சட்கருவுக்கும் இறைச்சிக் கோழியின் தோலுக்கும் மஞ்சள் நிறத்தைக் கொடுக்கின்றன. வெண்சோளத்தில் இந்நிறப்பொருள்கள் மிகக் குறைவு.

குறைபாடுகளும் உள்ளன. புரதத்தின் அளவு குறைவு என்பது ஒன்று. அப்புரதத்தில் லைசீன், திரிப்தோபன் ஆகிய அத்தியாவசிய அமினோவமிலங்கள் போதாமை மற்றொன்று. கல்சியம் மிகச் சொற்பம். பொசுபரசின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைற்றேற்று வடிவில் பிணைந்திருப்பதால் கோழிக்கும் பன்றிக்கும் அது இலகுவில் கிடைப்பதில்லை. இதற்காகவே இன்று தீனிகளில் பைற்றேசு நொதியம் சேர்க்கப்படுகின்றது.

லைசீன் குறைபாட்டை இனவிருத்தி மூலம் தீர்க்கவும் முயற்சிகள் நடந்தன. ஒபேக்–2 எனும் பரம்பரையலகைக் கொண்ட சோளத்தில் லைசீன் அதிகம் உண்டென்பது 1964 இல் ஐக்கிய அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்களால் வெளிப்படுத்தப்பட்டது. அதன் மணி மென்மையாகவும் விளைச்சல் குறைவாகவும் இருந்தமையால் விவசாயிகள் அதனை விரும்பவில்லை. மெக்சிக்கோவிலுள்ள சர்வதேச சோளம், கோதுமை மேம்பாட்டு நிலையத்தில் பணிபுரிந்த சுரிந்தர் வாசல், எவஞ்சலினா வில்லேகாஸ் ஆகியோர் இக்குறைகளை நீக்கித் தரமான புரதச் சோளத்தை உருவாக்கினர். இப்பணிக்காக அவர்களுக்கு 2000 ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

4. பதப்படுத்தும் முறைகள்

4.1 உலர்த்தல்

சோளத்தைப் பதப்படுத்தலின் முதற்படி உலர்த்தலாகும். பல மாதங்கள் களஞ்சியப்படுத்த வேண்டிய மணியின் ஈரப்பதன் ஏறத்தாழ 13% ஆகவோ அதற்குக் குறைவாகவோ இருத்தல் வேண்டும். சீமெந்துத் தளத்தில் அல்லது விரிப்பின்மீது மெல்லிய படையாகப் பரப்பி வெயிலில் உலர்த்தலாம். மழைக்காலத்தில் உலர்த்தும் இயந்திரம் தேவைப்படும்.

ஈரப்பதனின் முக்கியத்துவத்தை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். 22% ஈரப்பதனுள்ள 1000 கிலோகிராம் சோளத்தில் உலர் பொருள் 780 கிலோகிராம் ஆகும். இதனை 13% ஈரப்பதனுக்கு உலர்த்தினால் அதே 780 கிலோகிராம் மொத்த நிறையில் 87% ஆகும். ஆகவே,

உலர்த்திய பின் நிறை = 780 ÷ 0.87 = ஏறத்தாழ 897 கிலோகிராம்.

அதாவது 103 கிலோகிராம் நீர் ஆவியாகியுள்ளது. ஈரச் சோளத்தை உலர் சோளத்தின் விலைக்கு வாங்குபவர் இந்நீருக்கும் சேர்த்தே பணம் கொடுக்கின்றார்.

4.2 உடைத்தலும் அரைத்தலும்

மிகவும் பொதுவான முறை இதுவாகும். சுழலும் இரும்புத் தகடுகள் மணியை அடித்து நொறுக்க, குறித்த அளவுக்குச் சிறிதான துணிக்கைகள் சல்லடைத் துளைகளினூடாக வெளியேறும். இவ்வகை இயந்திரம் ஹமர் மில் எனப்படும். இரு உருளைகளுக்கிடையே நசுக்கி உடைக்கும் இயந்திரங்களும் உள்ளன.

அரைத்தலால் இரு நன்மைகள் ஏற்படுகின்றன. ஒன்று, வெளியுறை உடைகின்றது. மற்றது, மேற்பரப்பளவு அதிகரிக்கின்றது. 1 சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனவுருவின் மேற்பரப்பளவு 6 சதுர சென்ரிமீற்றர். அதனை 1 மில்லிமீற்றர் பக்கமுள்ள 1000 சிறு கனவுருக்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பளவு 60 சதுர சென்ரிமீற்றராகும். பொருளின் அளவு மாறவில்லை. ஆனால் நொதியம் தாக்கும் பரப்பு பத்து மடங்காகியுள்ளது.

எனினும் மிக நுண்ணிய மாவாக அரைப்பது நன்றன்று. மாவு கோழியின் சொண்டில் ஒட்டிக்கொள்ளும். தூசியாகப் பறந்து வீணாகும். பன்றிகளில் மிக நுண்ணிய தீனி இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாகலாம். அத்துடன் மணி உடைந்தவுடன் முளையத்திலுள்ள எண்ணெய் வளியுடன் தொடுகையுற்று ஒட்சியேற்றமடைந்து பாண்டல் மணம் உண்டாகும். ஆதலால் சோளத்தை முழு மணியாகவே சேமித்து, தேவைக்கேற்ப அவ்வப்போது அரைத்துக்கொள்வதே சிறந்தது.

4.3 நீராவியில் அவித்துத் தட்டையாக்கல்

மணிகளை ஏறத்தாழ 100 பாகை செல்சியசு நீராவியில் அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை வைத்து, சூட்டுடன் உருளைகளுக்கிடையே செலுத்தி மெல்லிய தகடுகளாக்குவர். ஐக்கிய அமெரிக்காவின் பெரிய மாட்டிறைச்சிப் பண்ணைகளில் இம்முறை பரவலாக உள்ளது.

இங்கு நடைபெறும் மாற்றம் மாப்பொருள் பசையாதலாகும். கஞ்சி காய்ச்சும்போது அரிசி மாக்கரைசல் குறித்த வெப்பநிலையில் திடீரெனத் தடிப்பதைக் கண்டிருப்பீர்கள். அதே மாற்றம்தான் இது. சோள மாப்பொருள் ஈரத்துடன் ஏறத்தாழ 62 – 72 பாகை செல்சியசில் நீரை உறிஞ்சி வீங்கி, தனது இறுக்கமான அமைப்பை இழக்கின்றது. அதன்பின் நொதியங்களும் நுண்ணங்கிகளும் அதனை விரைவாகத் தாக்குகின்றன. உலர்வாக உடைத்த சோளத்தின் மாப்பொருளில் மாடுகள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைச் சமிபாடடையச் செய்கின்றன. அவித்துத் தட்டையாக்கிய சோளத்தின் மாப்பொருள் ஏறக்குறைய முழுமையாகவே சமிபாடடைகின்றது.

4.4 பெலட் ஆக்கல்

அரைத்த சோளத்தை ஏனைய சேர்மானங்களுடன் கலந்து, நீராவியால் ஏறத்தாழ 80 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, துளைகள் கொண்ட தடித்த அச்சினூடாக அமுக்கி வெளியேற்றுவர். உருளை வடிவில் வரும் தீனியே பெலட் எனப்படும். இதனால் ஏற்படும் நன்மைகள்:

– கோழி தான் விரும்பிய துணிக்கைகளை மட்டும் பொறுக்கி உண்ண முடியாது.
– தூசியும் சிந்துதலும் குறையும்.
– குறைந்த நேரத்தில் கூடிய தீனியை உண்ண முடிவதால் இறைச்சிக் கோழிகள் விரைவாக வளரும்.
– வெப்பத்தினால் தீங்கு தரும் நுண்ணங்கிகள் குறையும்.

பெலட்டை நன்கு ஆறவிட்டபின்னரே பொதி செய்தல் வேண்டும். சூட்டுடன் பொதி செய்தால் உள்ளே நீராவி ஒடுங்கி, பங்கசு வளர இடமுண்டாகும்.

4.5 உயர் அமுக்கத்தில் பொரியச் செய்தல்

ஈரப்படுத்திய சோள மாவை உயர் அமுக்கத்திலும் 100 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையிலும் திருகு அச்சினூடாகச் செலுத்தும்போது, அது வெளிவரும் கணத்தில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, பொருள் பொரிபோல் ஊதிப் பெருக்கும். நீரில் மிதக்கும் மீன் தீனியும் நாய்த் தீனியும் இவ்வாறே தயாரிக்கப்படுகின்றன. செலவு கூடிய முறையாதலால் சாதாரண கோழித் தீனிக்கு இது பெரிதும் பயன்படுவதில்லை.

4.6 வளியின்றி நொதிக்க வைத்தல்

25% – 30% ஈரப்பதனுடன் அறுவடை செய்த மணிகளை உடைத்து, வளி புகாதவாறு இறுக்கி மூடி வைத்தால் இலத்திக்கமில பற்றீரியாக்கள் அமிலத்தை உண்டாக்கி உணவைப் பாதுகாக்கின்றன. உலர்த்தும் செலவு மீதமாவதுடன் மாப்பொருளைச் சூழ்ந்துள்ள புரதப் படலமும் தளர்கின்றது. முழுச் சோளச் செடியையும் கதிருடன் சேர்த்து வெட்டி இவ்வாறு தயாரிப்பது சோள சைலேஜ் ஆகும். இலங்கையில் பாற்பண்ணையாளர்களிடையே பொதிகளிலும் பீப்பாய்களிலும் சைலேஜ் தயாரித்தல் அறிமுகமாகியுள்ளது. சைலேஜ் நாருணவும் சக்தி உணவும் சேர்ந்த ஒன்று என்பதை நினைவிற் கொள்க.

5. விலங்குக்கேற்பப் பதப்படுத்தல்

கோழி: பற்கள் இல்லை. உணவை அரைப்பது தசைமிக்க அரைப்பையாகும். ஓரளவு கரடாக அரைத்த சோளம் அரைப்பையை நன்கு தொழிற்படச் செய்யும். சிறு குஞ்சுகளுக்குத் துணிக்கை சிறியதாகவும், முட்டையிடும் கோழிகளுக்குச் சற்றுக் கரடாகவும் இருத்தல் நன்று.

பன்றி: இரைப்பை ஒன்றையே உடையது. சோளத்தை நன்கு அரைத்துக் கொடுக்கும்போது சமிபாடு கூடுகின்றது. எனினும் முன்னர் கூறியவாறு மிக நுண்ணிய மாவாக இருத்தலாகாது.

பசு, எருமை: இவை இரைமீட்கும் விலங்குகள். நான்கு அறைகள் கொண்ட இரைப்பையின் மிகப் பெரிய அறையாகிய உரூமனில் வாழும் நுண்ணங்கிகள் மாப்பொருளை நொதிக்கச் செய்து ஆவிப்பறப்புள்ள கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. பசு தனது சக்தியின் பெரும்பகுதியை இவ்வமிலங்களிலிருந்தே பெறுகின்றது.

இங்குதான் கவனம் தேவை. பதப்படுத்தல் கூடக்கூட நொதித்தலும் விரைவாகின்றது. பழக்கமில்லாத பசுவுக்குத் திடீரென அதிகளவு சோள மா கொடுத்தால் உரூமனில் இலத்திக்கமிலம் தேங்கி, பசு தீனியை வெறுத்து, வயிற்றோட்டத்துக்குள்ளாகி, கடுமையான நிலையில் இறக்கவும் நேரிடும். பசுவுக்கு நல்லது செய்ய எண்ணி ஒரே நாளில் வாளி நிறையச் சோள மா கொடுப்பவர் பசுவையே இழக்கக்கூடும். ஆதலால் சோளத்தைச் சிறிதளவில் தொடங்கி இரண்டு, மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுதல் வேண்டும்; நாளொன்றுக்குரிய அளவைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்தல் வேண்டும்; புல் போன்ற நாருணவைக் குறைத்தல் ஆகாது.

6. பங்கசு நஞ்சு: பதப்படுத்தலால் திருத்த முடியாத தவறு

நன்கு உலராத சோளத்தில் அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ் போன்ற பங்கசுகள் வளர்ந்து அபிளாதொட்சின் எனும் நஞ்சை உண்டாக்கக்கூடும். வெப்பமும் ஈரலிப்பும் கொண்ட நமது காலநிலை இப்பங்கசுக்கு ஏற்றது.

1960 இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. காரணம் தெரியாமையால் அது முதலில் வான்கோழி எக்ஸ் நோய் என அழைக்கப்பட்டது. ஆராய்ந்தபோது, தீனியிற் சேர்த்திருந்த நிலக்கடலைப் புண்ணாக்கிலிருந்த பங்கசு நஞ்சே காரணமெனத் தெரியவந்தது. அபிளாதொட்சின் கண்டறியப்பட்டது இவ்வாறே. அன்று நஞ்சேறியது நிலக்கடலை. அதே நஞ்சு சோளத்திலும் உண்டாகும்.

இந்நஞ்சு கல்லீரலைப் பாதிக்கும். வளர்ச்சியும் முட்டை உற்பத்தியும் குறையும். வாத்துகளும் வான்கோழிகளும் மிக எளிதில் பாதிக்கப்படும். நஞ்சேறிய தீனியை உண்ட பசுவின் பாலிலும் அதன் மாற்றுவடிவம் சேர்வதால் பால் அருந்தும் மனிதருக்கும் தீங்குண்டு.

முக்கியமாக நினைவிற் கொள்ள வேண்டியது: பெலட் ஆக்கும்போது பங்கசு இறக்கலாம், ஆனால் அது முன்னரே உண்டாக்கிய நஞ்சு அவ்வெப்பநிலையில் அழிவதில்லை. பூஞ்சணம் பிடித்த சோளத்தை நல்ல சோளத்துடன் கலந்து அரைப்பதால் நஞ்சு மறைவதில்லை, பரவுகின்றது. எனவே தடுப்பு முறைகளே வழி:

– உரிய காலத்தில் அறுவடை செய்து உடனே உலர்த்தல்.
– உடைந்த, பூச்சி அரித்த மணிகளை அகற்றல்.
– மூட்டைகளை நிலத்தில் வைக்காது மரச் சட்டங்களின்மேல், சுவரிலிருந்து சற்று விலக்கி அடுக்குதல்.
– களஞ்சியத்தில் காற்றோட்டம் பேணல், கூரை ஒழுக்கைத் தடுத்தல்.
– பழையதை முதலிற் பயன்படுத்தல்.

7. தீனிக் கலவை தயாரித்தல்: பியர்சன் சதுர முறை

சோளம் மட்டும் ஒரு முழுமையான தீனியாகாது. புரத உணவுடன் சேர்த்தே அதனைக் கொடுத்தல் வேண்டும். எந்த விகிதத்தில் சேர்ப்பது?

உதாரணம் 1: 9% புரதமுள்ள சோளத்தையும் 44% புரதமுள்ள சோயாப் புண்ணாக்கையும் கலந்து 16% புரதமுள்ள கலவை தயாரிக்க வேண்டும்.

படி 1: சதுரத்தின் நடுவில் 16 ஐயும், இடப்பக்க மூலைகளில் 9, 44 ஆகியவற்றையும் எழுதுக.
படி 2: மூலைவிட்டத்தின் வழியே வித்தியாசம் காண்க.
 சோளத்தின் பங்கு = 44 – 16 = 28
 சோயாவின் பங்கு = 16 – 9 = 7
படி 3: மொத்தப் பங்கு = 28 + 7 = 35
 சோளம் = (28 ÷ 35) × 100 = 80%
 சோயாப் புண்ணாக்கு = (7 ÷ 35) × 100 = 20%
சரிபார்த்தல்: (80 × 0.09) + (20 × 0.44) = 7.2 + 8.8 = 16.

உதாரணம் 2: முட்டையிடும் கோழிக்குக் கல்சியமும் தேவை. 100 கிலோகிராம் தீனியில் 9 கிலோகிராம் சிப்பித் தூளுக்கும் 1 கிலோகிராம் உப்பு, விற்றமின், கனியுப்புக் கலவைக்கும் ஒதுக்குவோம். எஞ்சிய 90 கிலோகிராமே 16 கிலோகிராம் புரதத்தையும் தரவேண்டும். எனவே அக்கலவையின் புரதம் (16 ÷ 90) × 100 = 17.8% ஆக இருத்தல் வேண்டும். சதுர முறையில் கணித்தால் சோளம் ஏறத்தாழ 67.4 கிலோகிராம், சோயாப் புண்ணாக்கு ஏறத்தாழ 22.6 கிலோகிராம் எனப் பெறலாம்.

இனிச் சக்தியைப் பார்ப்போம். சோயாப் புண்ணாக்கின் அனுசேபச் சக்தி கிலோகிராமுக்கு 2230 கிலோகலோரி எனக் கொள்க.

 சோளத்திலிருந்து: 67.4 × 3350 = 225 790 கிலோகலோரி
 சோயாவிலிருந்து: 22.6 × 2230 = 50 398 கிலோகலோரி
 மொத்தம்: 276 188 கிலோகலோரி

அதாவது தீனியின் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 2760 கிலோகலோரி உண்டு. முட்டையிடும் கோழிக்கு இது பொருத்தமான அளவாகும். இச்சக்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சோளத்திலிருந்தே கிடைக்கின்றது என்பதைக் கவனிக்க. சோளம் கெட்டால் தீனியே கெட்டதாகும் என்று சொல்வது இதனாலேயே.

ஒரு கோழி நாளொன்றுக்கு 110 கிராம் தீனி உண்பதாகக் கொண்டால், 100 கோழிகளுக்கு 11 கிலோகிராம் தேவை. அதில் சோளம் மட்டும் ஏறத்தாழ 7.4 கிலோகிராம். ஒரு மாதத்துக்கு 220 கிலோகிராமுக்கு மேல் தேவைப்படும். சிறு பண்ணையிலும் சோளத்தின் வீணாதல் எவ்வளவு பெரிய செலவு என்பது இதிலிருந்து விளங்கும்.

8. இலங்கையும் தீனிச் சோளமும்

இலங்கையில் அநுராதபுரம், மொனராகலை, பதுளை, அம்பாறை, மட்டக்களப்பு ஆகிய மாவட்டங்களில் சோளம் கூடுதலாகச் செய்கைபண்ணப்படுகின்றது. பெரும்பகுதி பெரும்போகத்தில் மழையை நம்பிய செய்கையாகும். அறுவடை ஒரு காலத்தில் வந்து சேர, கோழியோ ஆண்டு முழுவதும் உண்கின்றது. ஆகவே உலர்த்தலும் களஞ்சியப்படுத்தலும் நம் நாட்டில் இரட்டிப்பு முக்கியத்துவம் பெறுகின்றன.

அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு 2018/19 பெரும்போகத்தில் நம் நாட்டுச் சோளச் செய்கையைத் தாக்கியது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதும் 2021/22 பெரும்போகச் சோள விளைச்சல் வீழ்ச்சியடைந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணி இல்லாமையால் இறக்குமதியும் இடர்ப்பட்டது. தீனி விலை உயரவே பல சிறு பண்ணையாளர்கள் கோழிகளை விற்றுத் தொழிலைக் கைவிட்டனர். முட்டை தட்டுப்பாடாகி, 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டது. சோள வயலில் ஏற்பட்ட குறை, ஈராண்டுகளுக்குள் வீட்டுச் சமையலறைவரை வந்து சேர்ந்ததை இவ்வரிசையில் காணலாம்.

சோளம் கிடைக்காதபோது நொய் அரிசி, இறுங்கு, உலர்ந்த மரவள்ளி என்பவற்றை ஓரளவு பதிலீடாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் புரதம், நார், நிறப்பொருள் என்பன வேறுபடுவதால் கலவையை மீண்டும் கணித்தே மாற்றுதல் வேண்டும். உதாரணமாக, நொய் அரிசி சேர்க்கும்போது மஞ்சட்கருவின் நிறம் வெளிறும். மரவள்ளியில் புரதம் மிகக் குறைவாதலால் புரத உணவைக் கூட்ட வேண்டும்.

9. விடையளிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

– “சோளம் புரத உணவு” என எழுதுதல். அது சக்தி உணவாகும்.
– “அரைப்பதால் சோளத்தின் சக்தி கூடுகின்றது” என எழுதுதல். மணியிலுள்ள சக்தி கூடுவதில்லை. விலங்குக்குக் கிடைக்கும் பங்கே கூடுகின்றது.
– “எவ்வளவு நுண்ணியதாக அரைத்தாலும் நல்லது” எனக் கொள்ளுதல். விலங்கின் வகை, வயது என்பவற்றைக் குறிப்பிடுக.
– “சூடாக்கினால் பங்கசு நஞ்சு அழியும்” என எழுதுதல்.
– சதுர முறையில் வித்தியாசங்களை மூலைவிட்டமாக எழுதாது நேராக எழுதுதல். இறுதியில் சரிபார்த்தால் இத்தவறு உடனே தெரிந்துவிடும்.

10. பயிற்சி வினாக்கள்

1. சக்தி உணவு என்பதை வரையறுத்து, இலங்கையில் கிடைக்கும் மூன்று சக்தி உணவுகளைப் பெயரிடுக.
2. சோளத்தை அரைப்பதால் அதன் சமிபாடு அதிகரிப்பதற்கான இரு காரணங்களைத் தருக.
3. 20% ஈரப்பதனுள்ள 500 கிலோகிராம் சோளத்தை 13% ஈரப்பதனுக்கு உலர்த்தும்போது எஞ்சும் நிறை யாது?
4. 9% புரதமுள்ள சோளத்தையும் 44% புரதமுள்ள சோயாப் புண்ணாக்கையும் பயன்படுத்தி 18% புரதமுள்ள 100 கிலோகிராம் கலவை தயாரிக்கத் தேவையான அளவுகளைக் காண்க.
5. பண்ணையாளர் ஒருவர் பூஞ்சணம் பிடித்த சோளத்தை மலிவாக வாங்கி, பெலட் ஆக்கிக் கறவைப் பசுக்களுக்குக் கொடுக்க எண்ணுகின்றார். அவருக்கு நீங்கள் கூறும் ஆலோசனை யாது? காரணம் தருக.

விடைக் குறிப்புகள்

1. உலர் பொருளில் 20% இலும் குறைந்த புரதமும் 18% இலும் குறைந்த நாரும் கொண்ட செறிவான உணவு. சோளம், அரிசித் தவிடு, நொய் அரிசி.
2. வெளியுறை உடைதல், நொதியம் தாக்கும் மேற்பரப்பளவு அதிகரித்தல்.
3. உலர் பொருள் 400 கிலோகிராம். 400 ÷ 0.87 = ஏறத்தாழ 460 கிலோகிராம்.
4. பங்குகள் 26 : 9. சோளம் 74.3 கிலோகிராம், சோயாப் புண்ணாக்கு 25.7 கிலோகிராம்.
5. வாங்க வேண்டாம் எனக் கூறுக. பெலட் ஆக்கும் வெப்பநிலையில் அபிளாதொட்சின் அழியாது. பசுவின் கல்லீரல் பாதிக்கப்படுவதுடன் நஞ்சின் மாற்றுவடிவம் பாலினூடாக மனிதரையும் அடையும்.

ஐந்தாம் வினாவை மனனம் செய்த விடையாக எழுதாது, அப்பண்ணையாளர் உங்கள் வீட்டு அயலவர் என எண்ணி எழுதிப் பாருங்கள். மலிவாக வாங்கிய ஒரு மூட்டை அவருக்கும், அவரிடம் பால் வாங்கும் வீடுகளுக்கும் என்ன செய்யும் என்பதை அவர் விளங்கிக்கொள்ளும் விதத்தில் உங்கள் காரணங்கள் அமைதல் வேண்டும்.